சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளைகள் மே மாதத்தில் எங்கே போவார்கள்?

தூத்துக்குடியில் மே மாதம் என்றால் உப்பு வாரும் காலம். வெயில் எவ்வளவுக்கு மண்டையைப் பிளக்கிறதோ அவ்வளவுக்கு உப்பளக்காரர்களுக்குச் சந்தோஷம். பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். ஸ்கூல் லீவு. வெளியே போனால் வெயில், உள்ளே இருந்தால் புழுக்கம். காலையில் கொஞ்ச நேரம் கிரிக்கெட், சாயங்காலம் கொஞ்ச நேரம் பீச். நடுவில் இருக்கும் அந்த நீளமான பகலை என்ன செய்வது?

இந்த ஊரில் இதற்கு ரெடிமேட் பதில் ஒன்று உண்டு. வி.பி.எஸ்! அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி. சி.எஸ்.ஐ. சபைகள், மற்ற சபைகள் என்று தெருவுக்குத் தெரு நடக்கும். காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆக்‌ஷன் பாட்டு, கதை, கலர் அடிக்கும் புத்தகம், மனப்பாட வசனம், இடையில் ரஸ்னாவும் பிஸ்கட்டும். கடைசி நாள் பெற்றோரைக் கூப்பிட்டுக் கலைநிகழ்ச்சி, பரிசு. கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் போவதில்லை. இந்துப் பிள்ளைகளும் கூட்டமாகப் போவார்கள். எந்த அம்மாவுக்குத்தான் மூன்று மணி நேரம் வீடு அமைதியாக இருப்பது கசக்கும்?

(ஒரு சின்னத் தகவல். 1898ல் நியூயார்க்கில் ஹாஸ் என்கிற அம்மையார் ஏழைத் தெருப் பிள்ளைகளுக்காக ஒரு பீர் கடையை வாடகைக்கு எடுத்துத் தினமும் வேதாகமப் பள்ளி நடத்தினார். வி.பி.எஸ்.சின் ஆரம்பங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். லீவு விட்டதும் பிள்ளைகள் தெருவில் திரிகிறார்களே என்பதுதான் அந்த அம்மாவுக்கும் கவலை. ஊர் வேறாக இருந்தாலும் கவலை ஒன்றுதான்.)

முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடைக்கால மார்க்க வகுப்புகள் உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, புதுநன்மைத் தயாரிப்பு. இந்துப் பிள்ளைகளுக்குச் சித்திரை, வைகாசியில் ஏதாவது ஒரு அம்மன் கோயில் கொடை. ஆக ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் போக ஓர் இடம், சேர ஒரு கூட்டம் இருக்கிறது. சாமியே கும்பிடாத வீட்டுப் பிள்ளை எங்கே போகும்?

அப்படி எத்தனை வீடு இருக்கும் என்று சிரிக்க வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் எதையும் குறிப்பிடாதவர்கள் சுமார் 29 லட்சம் பேர். அத்தனை பேரும் நாத்திகர் இல்லைதான். ஆனால் வீட்டில் சாமி படம் இல்லாமல், சர்டிபிகேட்டில் மட்டும் ஒரு மதத்தை வைத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் அந்தக் கணக்கில் வரவே வராது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட வீடுகள் ஊருக்கு நாலாவது தேறும்.

தூத்துக்குடியில் அப்படி ஒரு வீடு. அந்த வீட்டில் 2001ல் ஒரு பையன் பிறந்தான். தாத்தா பழைய கருப்புச்சட்டைக்காரர். 1948 மே மாதம் திராவிடர் கழக மாநில மாநாடு தூத்துக்குடியில் நடந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. கருஞ்சட்டைப் படைக்கு அரசாங்கம் தடை போட்டிருந்த நேரம் அது. அண்ணா அந்த மாநாட்டுக்கு வரவில்லை என்பதைப் பெரியவர்கள் பெரிய விஷயமாகப் பேசுவார்கள். தாத்தாவுக்கு அந்த அரசியலெல்லாம் அப்போது புரியவில்லை. வெளியூரிலிருந்து அவ்வளவு பேர் வந்திறங்கி, யாரும் யாரையும் என்ன ஜாதி என்று கேட்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது மட்டும்தான் அவர் மனசில் நின்றது. அந்த மூன்று வேளைச் சாப்பாட்டில்தான் தான் கட்சிக்காரனானதாகச் சொல்லிச் சிரிப்பார்.

பேரனுக்கு அவர் ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயரை வைத்தார். சுயமரியாதைக் குடும்பங்களில் அது ஒரு வழக்கம். 1932ல் ரஷ்யாவைப் பார்த்துவிட்டு வந்த பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வைத்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. விஜயவாடாவில் நாத்திக மையம் நடத்திய கோரா இன்னும் ஒரு படி மேலே போனார். உப்பு சத்தியாக்கிரக வருஷமான 1930ல் பிறந்த மகனுக்கு லவணம் என்றே பெயர் வைத்துவிட்டார். லவணம் என்றால் உப்பு. தூத்துக்குடிக்காரனுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் பெயர் வைப்பவர் ஒருவர், அதைச் சுமந்துகொண்டு ஸ்கூலுக்குப் போவது இன்னொருவர். சோவியத் யூனியன் கலைந்து பத்து வருஷம் கழித்துப் பிறந்த பையனுக்கு அந்தப் பெயரால் கிடைத்ததெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு சிரிப்பு. தினமும்.

ஸ்கூல் சேர்க்கும்போதே ஒரு ரகளை. மதம் என்ற கட்டத்தை அப்பா காலியாக விட்டார். ஆபீஸில் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றோர் விரும்பினால் ஜாதி, மதம் குறிப்பிடாமல் சேர்க்கலாம் என்று தமிழக அரசு 1973லும் 2000லும் ஆணையே போட்டிருக்கிறது. அப்பா அந்த ஜெராக்ஸை எடுத்துப்போய்க் காட்டினார். கட்டம் காலியாகவே நின்றது. அப்பாவுக்கு வெற்றிதான். (2019ல் திருப்பத்தூரைச் சேர்ந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் ஜாதி, மதம் அற்றவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். அது நாடு முழுக்கப் பேசப்பட்டது.)

இரண்டாம் வகுப்பில் பக்கத்து பெஞ்ச் பையன் கேட்ட கேள்விக்கு மட்டும் எந்த அரசாணையிலும் பதில் இல்லை.

"ஏல, உங்க வீட்ல சாமி கும்பிட மாட்டீங்களாம்ல? அப்ப ராத்திரி பேய் வந்தா யாரக் கூப்பிடுவ?"

பையனிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டான். அப்பா பேயே கிடையாது என்றார். தாத்தாவும் அதையே கொஞ்சம் விரிவாகச் சொன்னார். இரண்டு பேருமே சரியாகத்தான் சொன்னார்கள். பையன் மட்டும் ஒரு வாரம் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பிறந்தது நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். பதிவுத் திருமணம். கல்யாணத்துக்குப் பிறகு கோயிலுக்குப் போவதில்லை. போக வேண்டும் என்று கேட்டதுமில்லை. ஆனால் சின்ன வயசில் லீவு நாட்கள் எப்படி இருந்தன என்பது அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. கூடப் பாட ஐம்பது பேர் இருந்தார்கள். மகனுக்கு ஒருவரும் இல்லை.

தெருவில் கோயில் கொடை வந்தால் வரி கேட்டு வருவார்கள். தாத்தா தரமாட்டார். அப்பா மட்டும் ரகசியமாகத் தெருமுனைக்குப் போய், லைட்டுச் செலவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு வருவார். கொள்கைக்கும் தெருவுக்கும் நடுவில் அப்படி ஒரு சமாதானம். வில்லுப்பாட்டு கேட்கப் பையன் போவான். பொங்கப்பானை பக்கம் போகும்போது மட்டும், 'நீங்கதான் வரி குடுக்கலியே' என்று எந்தப் பொடியனாவது சொல்லிவிடுவான். பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாமே சோகம் என்று நினைக்க வேண்டாம். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று கங்கண சூரிய கிரகணம். கன்னியாகுமரியிலிருந்து தனுஷ்கோடி வரை தென்கோடி முழுக்க அந்தப் பாதையில் வந்தது. தூத்துக்குடியும் உள்ளே. மத்தியானம் ஒன்றேகாலுக்கு மேல் ஏறக்குறைய பத்து நிமிடம் சூரியன் வளையல் மாதிரி நின்றது. தெருவில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. இந்த வீட்டு மொட்டைமாடியில் மட்டும் தாத்தா, பேரன், வெல்டிங் கண்ணாடி, ஒரு தட்டு நிறைய உளுந்த வடை. கிரகணத்தில் சாப்பிட்டால் ஆகாது என்பதை உடைக்க வேண்டுமே! முருங்கை மரத்து நிழலில் தரையெங்கும் குட்டிக் குட்டி வளையங்கள். இலைச் சந்து ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளைக் கேமரா என்று தாத்தா சொல்லிக்கொடுத்தார். அன்று ஊரிலேயே அதிர்ஷ்டக்காரப் பையன் அவன்தான். ஆனால் அந்த வளையங்களைக் கூட நின்று பார்க்க அவன் வயசில் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு கண்கள் தெரிந்தன, அவ்வளவுதான்.

அந்த மே மாதம்தான் அம்மா அவனை வி.பி.எஸ்.சுக்கு அனுப்பினார். அப்பாவிடம் சொல்லவில்லை. தாத்தா ஊருக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா அங்கே டீச்சர். கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டாள்.

பையனுக்கு அது சொர்க்கம். (வேறு வார்த்தை கிடைக்கவில்லை.) பாடினான், குதித்தான், கலர் அடித்தான். அவன் பெயரைக் கேட்டு முதல் நாள் சிரித்தவர்கள் மூன்றாம் நாள் டீமில் சேர்க்க அடித்துக்கொண்டார்கள். மனப்பாட வசனப் போட்டியில் முதல் பரிசும் அவனுக்குத்தான். கருப்புச்சட்டைக்காரர் வீட்டுப் பையனுக்கு! அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாலு வயசிலிருந்து தாத்தா அவனைப் பெரியார் பொன்மொழிகளை மனப்பாடமாக ஒப்பிக்கப் பழக்கியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் நாற்காலியில் ஏறி நின்று ஒப்பிக்க வேண்டும். அந்த நாக்குக்கு வசனம் எம்மாத்திரம்?

பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. மூடியில் சிலுவையும் வசனமும். அதை எங்கே ஒளித்து வைப்பது? இரண்டாம் நாளே தாத்தா கண்ணில் பட்டுவிட்டது.

அப்பா கத்தினார், அம்மா பதிலுக்குக் கத்தவில்லை, அடுப்படியில் பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாக விழுந்தது. தாத்தா கையமர்த்தினார். பேரனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு வசனத்தைச் சொல்லச் சொன்னார். கடகடவென்று சொன்னான்.

"சரி, இதுக்கு என்னல அர்த்தம்?"

"தெரியாது தாத்தா."

"அர்த்தம் தெரியாமத்தான் படிச்சியா?"

"நீங்க சொல்லிக் குடுத்ததையும் அப்படித்தான தாத்தா படிச்சேன்."

தாத்தா அதற்குப் பிறகு பேசவில்லை. அந்த டப்பாவைத் தானே எடுத்துப்போய் அதில் சுகர் மாத்திரையைப் போட்டு வைத்துக்கொண்டார். கடைசி வரை அதில்தான் வைத்திருந்தார். அன்றோடு நாற்காலி மேல் ஏற்றி ஒப்பிக்க வைப்பதும் நின்றது.

ஒன்பது வயசுப் பையன் போகிற போக்கில் சொன்னது இது. பெரிய பெரிய ஆட்களே முட்டிக்கொண்டிருக்கும் இடமும் இதுதான். ரிச்சர்ட் டாக்கின்ஸ் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்வார். கிறிஸ்தவக் குழந்தை, முஸ்லிம் குழந்தை என்று எதுவும் கிடையாது, கிறிஸ்தவப் பெற்றோரின் குழந்தை, முஸ்லிம் பெற்றோரின் குழந்தைதான் உண்டு. சரி, அப்படியானால் நாத்திகக் குழந்தையும் கிடையாதுதானே? கிடையாது என்றுதான் அவரும் சொல்வார். 2009ல் பிரிட்டிஷ் மனிதநேயர் சங்கம் இதையே விளம்பரப் பலகையாக வைத்தது. 'எனக்கு முத்திரை குத்தாதீர்கள்' என்கிற மாதிரி வாசகம், பக்கத்தில் இரண்டு குழந்தைகள் சந்தோஷமாகச் சிரிக்கிற படம். கொஞ்ச நாளில் பத்திரிகையில் வந்தது, அந்த இரண்டு பேரும் தீவிரமான ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளாம்! படம் ஏஜென்சியில் வாங்கியது. எதிர்த்தரப்பு கைகொட்டிச் சிரித்தது. பார்க்கப்போனால் பலகை சொல்ல வந்ததை அந்தப் படமே நிரூபித்துவிட்டது. முகத்தைப் பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாருக்குத் தெரிகிறது?

இந்தச் சிக்கலை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு கோடை முகாமே ஆரம்பித்தார்கள். கேம்ப் குவெஸ்ட் என்று பெயர். 1996ல் எட்வின் கேகின், ஹெலன் கேகின் என்ற தம்பதியும் நண்பர்களும் கென்டக்கி மாநிலத்தில் தொடங்கியது. எட்வின் ஒரு வக்கீல், பாதிரியார் மகன், சின்ன வயசில் சாரணர் படையில் உயர்ந்த பதக்கம் வாங்கியவர். அந்தச் சாரணர் படையிலேயே கடவுள் நம்பிக்கை இல்லாத பையன்களைச் சேர்க்க மறுத்தார்கள். அப்படியானால் இந்தப் பிள்ளைகள் எங்கே போய்க் கூடாரம் அடிப்பார்கள், எங்கே படகு ஓட்டுவார்கள் என்று வந்த கோபம்தான் முகாமானது. முதல் வருஷம் இருபது பிள்ளைகள். அப்புறம் பல மாநிலங்களுக்குப் பரவி, 2009ல் இங்கிலாந்துக்கும் போனது.

அங்கே நீச்சல், படகு, நெருப்பு மூட்டிப் பாட்டு எல்லாம் வழக்கம்போல. கூடவே ஒரு விளையாட்டு. முகாமில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒற்றைக்கொம்புக் குதிரைகள் இருக்கின்றன என்று சொல்வார்கள். பார்க்க முடியாது, தொட முடியாது, சத்தமும் கேட்காது. அவை இருப்பதாகப் பழைய புத்தகம் ஒன்று சொல்கிறது, அவ்வளவுதான். அவை இல்லை என்று நிரூபிப்பவருக்கு நூறு டாலர் பரிசு. அதுவும் கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் அச்சாவதற்கு முந்தைய காலத்து நோட்டு, டாக்கின்ஸ் கையெழுத்தோடு. இங்கிலாந்தில் டார்வின் படம் போட்ட பத்து பவுண்ட் நோட்டு. பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். முடியாது. ஒன்று இல்லை என்று நிரூபிப்பது அவ்வளவு கஷ்டம், ஆகவே இருக்கிறது என்று சொல்பவர்தான் ஆதாரம் தர வேண்டும் என்று அவர்களாகவே வந்து சேர்வார்கள். யாரும் ஒப்பிக்கச் சொல்வதில்லை.

ஒற்றைக்கொம்புக் குதிரைக்கு அமெரிக்கா போக வேண்டாம். இந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையிலேயே அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. கடல்கட்டி என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்டும் மந்திரவாதிக்கு அதுதான் பெயர். அவர் மந்திரம் சொல்லாமல் யாரும் கடலில் குதிக்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவே, மீன்களைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் முத்துக்குளிக்கிறவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர் ஆனார்கள். கடல்கட்டி போய்விட்டாரா? இல்லையே! எதிர்க்கரை இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி எமர்சன் டென்னன்ட் 1859ல் வெளியிட்ட புத்தகத்தில், அந்தக் காலத்துக் கடல்கட்டியே ஒரு கத்தோலிக்கர்தான் என்று எழுதுகிறார். பரம்பரைச் சக்தி, மதம் மாறினாலும் போகாதாம்.

இதை ஒரு பத்து வயசுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். சுறா கடிக்கவில்லை என்றால் மந்திரம் பலித்தது. கடித்துவிட்டால் யாரோ சுத்தபத்தமாக இல்லை, அதனால் பலிக்கவில்லை. அப்படியானால் மந்திரம் பொய் என்று எப்போது தெரியும்? மந்திரம் சொல்லாத படகையும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று ஏதாவது ஒரு வாண்டு சொல்லும். அந்தப் படகில் யார் போவது என்று இன்னொன்று கேட்கும். இரண்டுமே அருமையான கேள்விகள். இரண்டாவது கேள்வியைக் கேட்டால்தான் கடல்கட்டியைக் கேலி செய்யத் தோன்றாது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி ஆழத்துக்குப் போகிறவனுக்கு மேலே படகில் ஒருத்தர் தனக்காக முணுமுணுத்துக்கொண்டு இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய தெம்பு! பேய் வந்தால் யாரைக் கூப்பிடுவ என்ற கேள்வியும் அதுதானே?

நம் ஊரில் இப்படி முகாம் இல்லையா என்றால், இருக்கிறது. திராவிடர் கழகம் சிறுவர்களுக்காகப் பெரியார் பிஞ்சு என்று மாத இதழ் நடத்துகிறது. அந்தப் பெயரில் கோடை விடுமுறையில் தஞ்சாவூர் பக்கம் வல்லத்தில், பெரியார் மணியம்மை பல்கலைக்கழக வளாகத்தில் பழகு முகாம் நடக்கும். 1988ல் பெண்கள் பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்த இடம் அது. பல மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்து சில நாள் தங்குவார்கள். விளையாட்டு, கைவேலை, அறிவியல் செய்முறை, அப்புறம் மந்திரமா தந்திரமா. அந்தக் கடைசி ஐட்டம்தான் பிள்ளைகளுக்கு உயிர். நெய் என்று சொல்லிக் கிளிசரினைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் மேல் ஊற்றினால் தீக்குச்சி இல்லாமலே குப்பென்று பற்றும். இலங்கையில் ஆபிரகாம் கோவூரும், கோவை போத்தனூர்க்காரரான பிரேமானந்தும் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டிய வித்தைகளின் வாரிசு இது.

2013ல் தாத்தா பேரனை அங்கே கூட்டிப் போனார். உடம்பு முடியவில்லை, ஆனாலும் பஸ் ஏறிவிட்டார். பையனுக்குப் பன்னிரண்டு வயசு, போகவே மாட்டேன் என்று அடம். திரும்பி வரும்போது பேச்சு நிற்கவில்லை. நெருப்பு வித்தையைப் பற்றி ஐந்து நிமிஷம் சொல்லியிருப்பான். மீதி எல்லாம் அங்கே வந்த பிள்ளைகளைப் பற்றித்தான். பெயர் சொன்னால் யாரும் சிரிக்கவில்லை. அவன் பெயரைவிட விசித்திரமான பெயரோடு மூன்று பேர் இருந்தார்கள். ராத்திரி விளக்கணைத்த பிறகு படுத்துக்கொண்டே பேசியபோது தெரிந்ததாம், பேய் வந்தா யாரக் கூப்பிடுவ என்ற கேள்வி எல்லாரிடமும் கேட்கப்பட்டிருக்கிறது. கடலூரிலும் சரி, தர்மபுரியிலும் சரி. ஒரே ஒரு பொடியன்தான் ஸ்கூலில் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறான்.

"எங்கம்மாவத்தான் கூப்பிடுவேன். நீ பேய் வந்தா உங்கம்மாவக் கூப்பிட மாட்டியா?"

ஐந்து வருஷமாக அவன் தேடிய பதில் இவ்வளவுதான். பகுத்தறிவுப் புத்தகம் எதிலும் இது இல்லை. அதே கேள்வியால் அடிபட்ட இன்னொரு பிள்ளையிடம்தான் கிடைத்தது.

இப்படிப்பட்ட முகாம்கள் மேல் ஒரு குறை சொல்வார்கள். இதுவும் ஒரு வி.பி.எஸ்.தானே, சிலுவைக்குப் பதில் கருப்புச்சட்டை, வசனத்துக்குப் பதில் பொன்மொழி என்று. அந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்காவோ வல்லமோ, பதிலை முதலிலேயே கையில் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால் எந்த முகாமும் மனப்பாடப் போட்டியாகிவிடும். ஆனால் இந்தக் குறையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைக்குப் போக ஏற்கெனவே ஓர் இடம் உள்ளவர்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் முப்பத்தொன்பது பேர் கண்ணை மூடிக் கைகூப்பும்போது, கண்ணைத் திறந்துகொண்டு தனியாக நின்று பார்த்தவர்களுக்குத்தான், வருஷத்தில் நாலு நாள் நாற்பது பேரோடு நாற்பதாவது ஆளாக இருப்பதன் அருமை தெரியும். முகாமுக்குப் பழகு என்று பெயர் வைத்தவர் யாரோ, சரியாக வைத்திருக்கிறார். பகுத்தறிவு முகாம் என்று வைத்திருந்தால் பிள்ளைகள் ஓடியிருப்பார்கள்.

அதே தெருப் பிள்ளைகளோடு பழக வேண்டும் என்றால் வேறு வழிகளும் உண்டு. 1980ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் துளிர் என்று இதழ் நடத்தி, துளிர் இல்லங்கள் வைத்து, குழந்தைகள் அறிவியல் திருவிழா என்று ஊர் ஊராக நடத்தியது. அங்கே கடவுள் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இருக்கிறார் என்றும் சொல்வதில்லை. பேச்சே எழாது. காகிதத்தில் தொப்பி மடிப்பது எப்படி, நிழல் ஏன் மத்தியானம் குட்டையாகிறது, இவ்வளவுதான் பேச்சு. எல்லா வீட்டுப் பிள்ளையும் வரும். சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளை அங்கே யார் கண்ணுக்கும் தனியாகத் தெரிவதில்லை. அப்படித் தெரியாமல் இருப்பதும் ஒரு சுகம்தான்.

தாத்தா 2015ல் போய்விட்டார். சடங்கு எதுவும் இல்லை. அவர் விருப்பப்படி உடல் மெடிக்கல் காலேஜுக்குப் போனது. மாத்திரை டப்பா மட்டும் வீட்டில் இருக்கிறது.

பையன் இப்போது பையன் இல்லை. காலேஜ் முடித்தாயிற்று. உப்பளத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் ஒரு தெருவில், நண்பர்கள் நாலைந்து பேரோடு சேர்ந்து மே மாதம் பத்து நாள் பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்துகிறான். பேனர் கிடையாது, பெயரும் கிடையாது. வி.பி.எஸ். முடிந்த அடுத்த வாரம் ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் பிள்ளைகள் கிடைக்கும்! முதல் நாள் லென்ஸ் வைத்து உப்புக்கல்லைப் பார்ப்பது. அப்பா அம்மா வருஷம் முழுக்க வாரும் உப்பு, ஆனால் அது அத்தனை ஒழுங்கான கட்டம் கட்டமான கல் என்று எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. சீனியை வைத்தால் ஏன் அப்படி இல்லை என்று உடனே கேள்வி வரும்.

போன தடவை முதல் நாள், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்ததும் ஏழு வயசிருக்கும் ஒரு பிள்ளை கேட்டது.

"அண்ணே, ஜெபம் பண்ணலியா?"

கூட இருந்த நண்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவன் அவன் தொடையில் தட்டினான்.

"நீ பண்ணிக்க பாப்பா. நாங்க இருக்கோம்."

அது கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் ஏதோ முணுமுணுத்தது. மற்ற பிள்ளைகளில் சிலர் மூடினார்கள், சிலர் மூடவில்லை, ஒருவன் மூடுகிற மாதிரி நடித்துக்கொண்டு மற்றவர்களை எண்ணினான். அது கண்ணைத் திறக்கும் வரை காத்திருந்துவிட்டு, லென்ஸை முதலில் அதன் கையிலேயே கொடுத்தான்.